சுவரில் ஒரு மரம்



புதிதாக வீடு கட்டிக் குடிபுகுவோரிடையே அண்மைக் காலமாக ஒரு வழக்கம் பரவி வருகின்றது. வரவேற்பறையின் பெரிய சுவர் வெறுமையாக இருத்தல் ஆகாது என்று, தங்கநிறச் சட்டமிட்ட ஓவியம் ஒன்றை வாங்கி மாட்டுகின்றனர். பனி மூடிய மலை, ஓடை, ஓடைக்கரையில் முதிர்ந்த மரங்கள், மாலை வெயில். இவையே பெரும்பாலும் அவ்வோவியத்தின் பொருள். “விக்டோரியா காலத்து ஓவியம் ஐயா, கையால் தீட்டிய பிரதி” என்று விற்பவர் கூறுவார்.

இத்தகைய படத்தை வாங்கலாமா என வினவுவோர் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கின்றனர்: “மார்க்கத்தில் இதற்கு இடம் உண்டா?” கேட்க வேண்டிய கேள்விதான். ஆயினும் அதனோடு இன்னும் இரண்டு கேள்விகள் சேர வேண்டும். விற்பவர் சொல்வது மெய்தானா? இதைத் தீட்டியது யாருடைய கை? இம்மூன்றுக்கும் விடை தெரிந்து வாங்குபவரே அறிந்து வாங்குபவர் ஆவார்.

பிரதியாகவே பிறந்த படங்கள்

விக்டோரியா அரசி 1837 முதல் 1901 வரை ஆட்சி செய்தார். இங்கிலாந்தின் ஊர்களில் ஆலைகள் பெருகிப் புகை மண்டிய காலம் அது. வயலையும் தோப்பையும் விட்டு நகரத்துக் குறுகிய தெருக்களில் குடியேறிய மக்கள், தாம் இழந்த பசுமையைச் சுவரிலேனும் காண விரும்பினர். பறவை, பூ, பெரணிச் செடி, மலைக்காட்சி ஆகியவற்றின் படங்கள் இல்லந்தோறும் நுழைந்தன. தூரதேசங்களிலிருந்து கப்பல்களில் வந்து இறங்கிய புதிய செடிகளும் உயிரினங்களும் அந்த ஆவலை மேலும் வளர்த்தன.

அக்காலத்தில் வண்ணப்படம் அச்சிடுதல் எளிதன்று. கல்லச்சு முறையில் கறுப்புக் கோடுகளை மட்டும் அச்சிட்டு, பின்னர் ஒவ்வொரு தாளுக்கும் கையால் வண்ணமிடுவர். மாதிரிப் படம் ஒன்றை முன்னே வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து நூற்றுக்கணக்கான தாள்களில் அதே பச்சையை, அதே சிவப்பை நிரப்புவார்கள். இப்பணியில் பெண்கள் பலர் ஈடுபட்டிருந்தனர். 1787இல் தொடங்கிய ‘கர்ட்டிஸ் தாவரவியல் இதழ்’ 1948ஆம் ஆண்டு வரை இவ்வாறு கையால் வண்ணமிட்ட படங்களுடன் வெளிவந்தது என்றால் வியப்பாக இருக்கின்றதன்றோ! ஆகவே, அக்காலத்து இயற்கைப் படங்களுள் பல பிறந்தபோதே கைவண்ணப் பிரதிகள்தாம். ஒரே நூலின் இரு படிகளை அருகருகே வைத்துப் பார்த்தால், ஒன்றில் இலை சற்று வெளிர்ந்தும் மற்றொன்றில் அடர்ந்தும் இருக்கும். வண்ணமிட்ட கைகள் வேறு வேறு.

பறவை நூல்களால் பெரும்புகழ் பெற்ற ஜான் கூல்டு என்பாரின் தொடக்க கால நூல்களில் நூற்றுக்கணக்கான படங்களை வரைந்து கல்லில் ஏற்றியவர் அவருடைய மனைவி எலிசபெத். அவர் 1841இல், நாற்பது வயது எட்டுமுன்னரே மறைந்தார். உலகமோ இன்றளவும் ‘கூல்டின் பறவைகள்’ என்றே கூறி, கணவரையே நினைக்கின்றது. வரைந்த கையின் பெயர் மறைந்து, வெளியிட்டவரின் பெயர் நிலைத்தல் என்பது அக்காலத்தில் எங்கும் நிகழ்ந்த ஒன்று. நம் மண்ணிலும் நிகழ்ந்தது.

ரங்கையாவும் கோவிந்துவும்

விக்டோரியா காலத்து இயற்கை ஓவியம் என்றவுடன் நம் எண்ணம் கடல் கடந்து ஓடுகின்றது. ஓட வேண்டியதில்லை. அவற்றுள் மிகச் சிறந்த ஒரு தொகுதி தமிழ்நாட்டிலேயே, இந்நாட்டு ஓவியர்களின் கைகளாலேயே தீட்டப்பட்டது.

ஸ்காட்லாந்தில் 1796இல் பிறந்த ராபர்ட் வைட் என்னும் மருத்துவர் 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராகச் சென்னைக்கு வந்தார். மருத்துவத்தினும் செடிகொடிகளின்மீதே அவருக்கு நாட்டம் மிகுதி. தாம் திரட்டிய செடிகளை வரைவதற்கு ரங்கையா என்னும் ஓவியரை அமர்த்திக்கொண்டார். ரங்கையாவுக்குப் பின் கோவிந்து என்பவர் அப்பணியைத் தொடர்ந்தார். ரங்கையா தொடங்கிய காலம் 1820களின் நடுப்பகுதி. கோவிந்து முடித்த காலம் 1850களின் தொடக்கம். ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அந்த இருவரும் இலை இலையாக, மகரந்தம் மகரந்தமாக நம் நாட்டுத் தாவரங்களைத் தாளில் இறக்கினர்.

இப்படங்களைக் கொண்டே வைட் சென்னையில் தம் நூல்களை வெளியிட்டார். ‘இகோனஸ்’ எனச் சுருக்கமாக வழங்கப்படும் பெருநூல் 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதிலுள்ள படங்களின் எண்ணிக்கை 2,101. இவை கறுப்புக் கோட்டுப் படங்கள். நீலகிரியின் செடிகளைப் பற்றி அவர் தனியே வெளியிட்ட நூலிலும், இந்தியத் தாவரவியலை விளக்கும் மற்றொரு நூலிலும் உள்ளவை வண்ணப் படங்கள். வைட் 1842இல் கோயம்புத்தூருக்கு அனுப்பப்பட்டார். அமெரிக்கப் பருத்தியை நம் கரிசலில் விளைவிக்க இயலுமா என்று சோதிப்பதே அங்கு அவருக்கு இடப்பட்ட வேலை. பகலில் பருத்தி, எஞ்சிய நேரத்தில் படம் என 1853இல் ஓய்வு பெறும்வரை அவர் உழைத்தார்.

வைட் செய்த ஒரு நற்செயலை மறைத்தல் கூடாது. அச்சிட்ட படங்களின் அடியில் ஓவியரின் பெயரையும் இடச் செய்தார். அதனினும் மேலாக, ஆர்கிட் வகைச் செடி ஒன்றின் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயராலேயே ‘கோவிந்தூயியா’ என்று 1853இல் பெயர் சூட்டினார். கூலிக்கு வரைந்த ஓர் இந்திய ஓவியருக்கு அக்காலத்தில் கிடைத்தற்கரிய சிறப்பு அது. பிற்காலத்தவர் அச்செடியை வேறொரு பேரினத்துள் அடக்கிவிட்டமையால் அப்பெயர் இன்று வழக்கில் இல்லை. மூலப் படங்கள் நூற்றுக்கணக்கில் எடின்பரோ அரச தாவரவியல் தோட்டத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அத்தோட்டத்தைச் சேர்ந்த ஹென்றி நோல்டி என்னும் ஆய்வாளர் 2007இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே ரங்கையா, கோவிந்து என்னும் இரு பெயர்களையும் பொறித்தார். மங்கிக் கிடந்த பெயர்கள் இவ்வாறு மீண்டும் துலங்கின.

வைட்டுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே கல்கத்தாவில் இத்தகைய பணி நடந்ததுண்டு. தலைமை நீதிபதி இம்பேயின் துணைவியார், 1777 முதல் 1782 வரை பாட்னாவைச் சேர்ந்த ஷைகு ஜைனுத்தீன் முதலிய மூவரைக்கொண்டு பறவைகளையும் விலங்குகளையும் தீட்டச் செய்தார். ஜைனுத்தீன் தம் பெயரைப் பாரசீக எழுத்தில் படத்திலேயே எழுதி வைத்தார். அதனால் அவரை இன்றும் அறிகின்றோம். பெயரெழுதும் அந்த ஒரு வரி எத்துணை முக்கியமானது என்பதற்கு இதுவே சான்று.

கியூவின் ஒரு கூடம்

அழகுக்காக மட்டும் மரங்களையும் மலர்களையும் தீட்டியவர்களும் இருந்தனர். மரியான் நார்த் (1830–1890) என்னும் ஆங்கிலப் பெண்மணி தனியே உலகைச் சுற்றி, இலங்கைக்கும் பின்னர் 1877இன் இறுதியில் இந்தியாவுக்கும் வந்து, எண்ணெய் வண்ணத்தில் எண்ணற்ற படங்களைத் தீட்டினார். இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் அவருடைய செலவிலேயே எழுந்த கூடம் 1882இல் திறக்கப்பட்டது. எண்ணூறுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே சுவர் தெரியாமல் நெருங்கி நிற்கின்றன. வருவோர்க்குத் தேநீரும் காப்பியும் வழங்க வேண்டுமென அவர் விரும்ப, தோட்டத்தின் தலைவர் மறுத்துவிட்டார். அம்மையாரோ வாயில்களின் மேலே தேயிலைச் செடியையும் காப்பிச் செடியையும் தீட்டி வைத்துவிட்டுப் போனார்!

மார்க்கத்தின் பார்வை

இனி முதற் கேள்விக்கு வருவோம். உயிருள்ளவற்றின் உருவங்களை இல்லத்தில் தொங்கவிடுதல் பற்றி நம் ஹதீஸ் நூல்களில் கடுமையான எச்சரிக்கைகள் உள்ளன என்பதை யாவரும் அறிவோம். அதே நூல்களில் வழிகாட்டுதலும் உண்டு. ஓவியம் தீட்டுதலே தம் பிழைப்பு என்று கூறி வந்து நின்ற ஒருவருக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், தொழிலைச் செய்தேயாக வேண்டுமாயின் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் தீட்டிக்கொள்ளுமாறு அறிவுறுத்திய செய்தி ஸஹீஹுல் புகாரியில், வணிகம் பற்றிய பகுதியில் இடம்பெற்றுள்ளது. வந்தவரின் வயிற்றுப் பிழைப்பை அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள் என்பது கருதத்தக்கது. ஒரு கதவை அடைத்தபோது மற்றொரு கதவைத் திறந்துவிட்டார்கள்.

அக்கதவின் வழியே உலகின் பேரழகு ஒன்று எழுந்தது. உமய்யாக் கலீஃபா வலீத் காலத்தில், 715ஆம் ஆண்டையொட்டி நிறைவெய்திய திமிஷ்கு பெரிய பள்ளிவாசலின் சுவர்களில் பச்சையும் பொன்னும் கலந்த சிறு கண்ணாடித் துண்டுகளால் மரங்களும் ஆறும் மாளிகைகளும் பதிக்கப்பட்டுள்ளன. மனித உருவமோ விலங்கோ அதில் இல்லை. இல்லாமையால் அழகு குறைந்ததாகக் கண்டவர் எவரும் கூறியதில்லை.

ஆகவே மரம், செடி, மலர், மலை, ஓடை ஆகியன தீட்டிய படத்தில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் ‘இயற்கைப் படம்’ என்னும் பெயரில் விலங்குகளும் வரும். வாங்குமுன் பார்த்துக்கொள்ளுதல் நலம். எட்வின் லாண்ட்சீர் 1851இல் தீட்டிய கலைமான் படம் ஒன்று இத்தகைய பிரதிகளுள் புகழ்பெற்றது. பனிமலைமுன் கொம்பு நிமிர்த்தி நிற்கும் மான் அது. அப்படம் பின்னாளில் சோப்பு விளம்பரத்துக்கும், அதன்பின் விஸ்கி விளம்பரத்துக்கும் பயன்பட்டது. அதை அறியாது மாட்டியவர் மதுப்புட்டியின் சீட்டையே கூடத்தில் மாட்டியவர் ஆகிறார்! இதில் ஐயமுள்ளோர் தத்தம் ஊர் ஆலிம்களை அணுகித் தெளிவு பெறுக.

நனைந்த தானியம்

இரண்டாம் கேள்வி, விற்பவர் கூறுவது மெய்யா என்பது. பிரதி செய்தல் குற்றமன்று. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கழிந்தபின் அவருடைய படைப்பை எவரும் பிரதி செய்யலாம். விக்டோரியா காலத்து ஓவியர்கள் மறைந்து அதனினும் நெடுங்காலம் ஆகிவிட்டது. குற்றம் எங்கே நுழைகின்றதென்றால், பிரதியை மூலம் என்றும், இயந்திர அச்சைக் கைவேலை என்றும் கூறும்போதுதான்.

இன்று கணினி வழியாகக் கித்தான் துணிமீதே படத்தை அச்சிடுகின்றனர். அதன்மேல் நிறமற்ற பசையைத் தூரிகையால் இழுத்துவிட்டால், தொட்டுப் பார்ப்பவருக்குக் கையால் தீட்டியதுபோலவே மேடுபள்ளம் தட்டுப்படும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டு வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சி நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அச்சின்மேல் பசை பூசி விற்பதும் அதே குவியல்தான். இங்கே நனைந்தது உள்ளேயன்றி மேலே இருக்கின்றது, அவ்வளவே வேறுபாடு.

கண்டறிவதற்குச் சில எளிய வழிகள் உண்டு. பூதக்கண்ணாடி ஒன்றை வைத்துப் பாருங்கள். அச்சாயின் நிறம் சிறுசிறு புள்ளிகளாகச் சிதறித் தெரியும். தீட்டியதாயின் நிறத்தோடு நிறம் குழைந்து கிடக்கும். படத்தைச் சாய்த்து ஒளியில் காட்டுங்கள். மேட்டுக் கோடுகள் கிளையின் வளைவோடும் இலையின் நுனியோடும் ஒத்துச் சென்றால் அது தூரிகையின் தடம். படம் ஒருபுறமும் கோடுகள் மறுபுறமுமாகச் சென்றால் அது பசையின் தடம். கடைக்காரரிடம் அதே படத்தின் இன்னொரு பிரதியைக் கேளுங்கள். இரண்டும் மயிரிழையும் மாறாதிருப்பின் கையால் செய்தவை அல்ல.

அச்சுப்படம் வாங்குதல் தவறென்று கூறவில்லை. வசதிக்கேற்ப அதையும் வாங்கலாம். ஆனால் அச்சின் விலைக்கு வாங்க வேண்டும்.

காஞ்சி அறிந்த பாடம்

இதைக் காஞ்சிபுரத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. கைத்தறிப் புடவைக்கும் விசைத்தறிப் புடவைக்கும் உள்ள வேறுபாட்டால் வாழ்ந்தும் தாழ்ந்தும் வரும் ஊர் இது. விசைத்தறித் துணியைக் கைத்தறி எனக் கூறி விற்றமையால் எத்தனை தறிகள் ஓய்ந்தன என்பதை நெசவாளர் தெருக்களில் கேட்டறியலாம். அதனாலன்றோ 1985இல் கைத்தறிக்கெனச் சில துணி வகைகளை ஒதுக்கிச் சட்டம் வந்தது. 2005-06இல் காஞ்சிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றது. மகளின் நிக்காஹுக்குப் பட்டெடுக்கும்போது முத்திரை உண்டா, சரிகை மெய்யா, கோர்வை கைக்கோர்வையா எனத் துருவித் துருவிக் கேட்கும் நாம், சுவருக்குப் படம் எடுக்கும்போது வாய் திறவாதிருப்பது ஏன்?

இந்நகரை அடுத்து வேகவதி ஆற்றின் கரையிலுள்ள திருப்பருத்திக்குன்றம், பெயரிலேயே பருத்தியைச் சுமந்த ஊர். சமணப் பெருமக்களின் பழம்பதியாகிய அவ்வூரை ஜினகாஞ்சி என்பர். அங்குள்ள கோயிலின் சங்கீத மண்டபத்தை விசயநகரத் தண்டநாயகர் இருகப்பர் 1387-88இல் கட்டுவித்தார். அதன் விதானம் முழுதும் பிற்காலத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் வண்ண ஓவியங்களாகத் தீட்டப்பட்டன. டி. என். இராமச்சந்திரன் 1934இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக அவற்றைப் பற்றி விரிவான நூலே எழுதினார். வேற்றுச் சமயத்தாரின் வழிபாட்டிடமாயினும், கைத்திறன் என்னும் வகையில் நம் அண்டை வீட்டுச் செல்வம் அது. ஆயினும் பாருங்கள்: மண்டபம் கட்டுவித்தவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றோம், அண்ணாந்து நின்று கழுத்து நோவ விதானத்தில் தீட்டியவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவார் இல்லை. ரங்கையாவுக்குக் கிடைத்த ஒரு வரி அவருக்குக் கிடைக்கவில்லை.

யாருடைய கை?

உலகச் சந்தையில் விற்கும் கைவண்ணப் பிரதிகளில் பல சீனாவின் ஷென்ஜென் நகரிலுள்ள டாஃபென் என்னும் சிற்றூரில் உருவாகியவை. ஹாங்காங் வணிகர் ஒருவர் 1989இல் அங்கு தொடங்கிய பட்டறையே அதன் வித்து. பெரிய அளவில் வரும் வேலைகளில், ஒருவர் வரிசையாக வானத்தை மட்டும் தீட்டிச் செல்ல, அடுத்தவர் மரத்தை மட்டும் தீட்டுவதும் உண்டு. அக்கைகளின் திறம் குறைவானதன்று. ஆனால் படத்தின் எம்மூலையிலும் அவர்களின் பெயர் இராது.

நம் இல்லங்களில் திறமுள்ள கைகளுக்குப் பஞ்சமா? டிரேசிங் தாளில் ஊசியால் துளையிட்டு, அதன்வழி துணியில் பொடி தேய்த்துப் பூவேலைக்கு வடிவம் எடுக்கும் பெண்கள் நம் தெருக்களிலேயே இருக்கின்றனர். மருதாணியில் கொடியும் இலையும் ஓடவிடும் சிறுமியர் இருக்கின்றனர். புடவைக் கரைக்குக் கட்டத்தாளில் கட்டம் கட்டமாகப் பூ வரைவோர் இருக்கின்றனர். பார்த்ததைப் பிசகின்றி எடுத்தெழுதுதல் என்னும் அரிய பயிற்சி இவர்களுக்கு ஏற்கெனவே கைவந்துள்ளது. வைட்டின் நூல்களிலுள்ள படங்களோ இன்று இணையத்தில் கட்டணமின்றிக் காணக் கிடைக்கின்றன. நம் நாட்டுச் செடிகள், நம் நாட்டு ஓவியர் வரைந்தவை, உயிருருவம் இல்லாதவை, உரிமைச் சிக்கல் அற்றவை. தாளும் நீர்வண்ணமும் இரண்டு நல்ல தூரிகைகளும் இருந்தால் வீட்டிலிருந்தபடியே ஒரு பெண் இப்பணியைத் தொடங்கலாம். காணாத பனிமலையைக் கடல்கடந்து வரவழைப்பதினும், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நம் மண்ணின் செடி ஒன்றைத் தீட்டித் தரச் சொல்லி உரிய கூலி கொடுப்பது இல்லத்துக்கும் அழகு, அவளுக்கும் வாழ்வு.

அவ்வாறு வாங்கிய படத்தைப் பேணவும் வேண்டும். நீர்வண்ணப் படத்தில் நேர்வெயில் பட்டால் சில ஆண்டுகளில் நிறம் வெளிறும். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரில் மாட்டினால் பூஞ்சணம் பற்றும். கண்ணாடியும் தாளும் ஒட்டாதவாறு இடையே கனத்த அட்டை வைத்துச் சட்டமிடச் சொல்லுங்கள். அடுப்படிச் சுவரில் எந்தப் படமும் வேண்டாம். புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் அதை ஆண்டுக்குள் கெடுத்துவிடும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். படம் உங்கள் கைக்கு வந்ததும், சுவரில் ஏற்றுமுன் அதைத் திருப்பி, பின்புறத்தில் இரண்டு பெயர்களை எழுதச் செய்யுங்கள். மூலத்தைத் தீட்டியவர் பெயர் ஒன்று, பிரதி செய்தவர் பெயர் மற்றொன்று, அடியில் ஆண்டு. விற்பவர் எழுதித் தயங்காமல் கையெழுத்திட்டால் வாங்குங்கள். தயங்கினால் காரணம் கேளுங்கள். எழுதுவதற்கு ஒரு மணித்துளிதான் ஆகும். உங்கள் பேரப்பிள்ளைகள் ஒருநாள் சுவருக்கு வெள்ளையடிக்கப் படத்தை இறக்கும்போது, அந்தப் பெயரைப் படிப்பார்கள்.